ஐ.பி. கொடுக்க எந்த வக்கீல்? குமரி மாவட்டத்துக் கடனாளியின் முன் இருக்கும் வழிகள்

கடன் தாங்க முடியாமல் போனதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஐ.பி. கொடுக்க நல்ல வக்கீல் யார்?" இரண்டாவது, "எவ்வளவு கேட்பார்?" ஐ.பி. என்பது திவால் மனு. வங்கியின் கடன் வசூல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடமும் இவற்றைக் கேட்டு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யார் யாருக்கு, எந்தக் காகிதத்தின் பேரில், எவ்வளவு தர வேண்டும்? அதை ஒரு தாளில் எழுதிய பிறகுதான் வக்கீலைப் பற்றிப் பேசவே முடியும். கடன் எந்த வகை என்பதைப் பொறுத்தே நீதிமன்றம். நீதிமன்றத்தைப் பொறுத்தே வக்கீலும் செலவும்.

தேங்காப்பட்டணம் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். புயலில் வள்ளமும் எஞ்சினும் போய்விட்டன. வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கியதில் 14 லட்சம் பாக்கி. மீன் வியாபாரி ஒருவரிடமும் உறவினர் இருவரிடமும் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது 6 லட்சம். அந்த வியாபாரியின் கையில் வெற்றுக் காசோலை ஒன்றும் இருக்கிறது. மனைவி பெயரில் நுண்கடன் நிறுவனத்தின் குழுக் கடன். நகைகள் அடகில். நம் கடற்கரை ஊர்களில் மட்டுமல்ல, ரப்பரையும் முந்திரியையும் நம்பியிருக்கும் ஊர்களிலும் கடன் இப்படிக் கலந்துதான் கிடக்கிறது.

இந்தக் குடும்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஐ.பி. மனு போதும் என்று நம்பி வக்கீலுக்குப் பணம் கட்டினால் ஏமாந்துவிடும். வீட்டை அடமானமாகப் பிடித்திருக்கும் வங்கி, திவால் மனு நடந்துகொண்டிருந்தாலும் அடமானத்தை விற்றுத் தன் பணத்தை எடுக்கலாம். திவால் சட்டமே அந்த உரிமையை வங்கிக்கு விட்டுவைத்திருக்கிறது. அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வங்கிக்கு வழி தரும் சர்ஃபாசி சட்டப்படி அது அனுப்பும் முதல் நோட்டீஸில் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கிவிட்டால் 45 நாளுக்குள் போய் நிற்க வேண்டிய இடம் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயம். 20 லட்சம் என்ற வரம்பு, வங்கி அந்தத் தீர்ப்பாயத்தில் வசூல் வழக்குப் போடுவதற்கானது. சர்ஃபாசி நடவடிக்கையை எதிர்க்கும் கடனாளிக்குக் கடன் 14 லட்சமானாலும் மதுரைதான். "இங்கேயே சிவில் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம்" என்று சொல்லும் வக்கீலிடம், அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கிறதே என்று கேட்டுப் பாருங்கள். அவர் தரும் பதிலிலேயே அவருக்கு இந்தத் துறை எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.

காசோலை பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி வரும் வழக்கு குற்றவியல் நீதிமன்றத்தில் தனியாக நடக்கும், ஐ.பி. மனு அதை நிறுத்தாது. நகைக் கடனும் அடமானக் கடன்தான். குழுக் கடனில் வேறொரு சிக்கல் இருக்கிறது. திவால் வழக்கின் முடிவில் பழைய கடன்களிலிருந்து நீதிமன்றம் தரும் விடுவிப்பு கிடைத்தாலும் அது கடன் வாங்கியவரை மட்டுமே விடுவிக்கும். கூடப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர்களை விடுவிக்காது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வரின் தலையில் கடன் போய் விழும் என்பதை எந்த வக்கீல் முதல் சந்திப்பிலேயே சொல்கிறாரோ அவரை நான் மதிப்பேன்.

ஆக, இந்தக் குடும்பத்தில் ஐ.பி. உண்மையாகவே உதவுவது 6 லட்சம் புரோநோட்டுக் கடனுக்குத்தான். அதிலும் வியாபாரி மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று அநியாய வட்டி வாங்கியிருந்தால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்கு முதலில் தேவைப்படுவது போலீஸ் புகார். திவால் மனு பிறகு.

ஐ.பி. எதைத் தருகிறது?

சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் தனிநபர் திவால் மனு இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டப்படியே நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்திரி ஆலையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடத்தி, அதன் கடனுக்குத் தானே ஜாமீன் நின்றவர் அந்த வகை. அவர் சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் பழகிய வக்கீலைத் தேட வேண்டும். உள்ளூரில் தேடிப் பயனில்லை. மற்றவர்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தைப் பொறுத்து நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை ஆகிய சார்பு நீதிமன்றங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும்.

மனு கொடுக்கக் கடன் குறைந்தது 500 ரூபாய் இருந்தால் போதும். நூறு ஆண்டுக்கு முன் வைத்த தொகை அப்படியே நிற்கிறது. தொகை சிறிது என்பதால் விளைவும் சிறிது என்று எண்ண வேண்டாம். மனு ஏற்கப்பட்டு ஒருவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால் அவருடைய சொத்து நீதிமன்றத்தின் கைக்கோ, சொத்தைப் பார்த்துக்கொள்ள அது நியமிக்கும் ரிசீவரின் கைக்கோ போகும். ஜப்தி செய்யக் கூடாதென்று சிவில் நடைமுறைச் சட்டம் விலக்கி வைத்தவை மட்டும் தப்பும். உடுதுணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணம் போன்றவை அவை. தாலி போய்விடும் என்ற பயத்தில் வக்கீலிடமே போகாத பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அறிவிப்புக்குப் பிறகு கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் புதிதாக வழக்குப் போட முடியாது. பணத் தீர்ப்பை வைத்துக் கைது செய்யவிடாமல் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம்.

கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கும் மஞ்சள் நோட்டீஸை அனுப்பிவிட்டால் கடன் தீர்ந்தது என்ற நம்பிக்கை மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கடனைக் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுப்பதைச் சட்டம் ஒரு திவால் செயலாகவே கணக்கிடுகிறது. அதைக் காட்டி மூன்று மாதத்துக்குள் அவரே உங்களுக்கு எதிராக மனுப் போடலாம். நோட்டீஸை மட்டும் அடித்து அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விடுவிப்பு. திவால் அறிவிப்பு வரும்போதே, எவ்வளவு காலத்துக்குள் விடுவிப்பு மனு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் நாள் குறிக்கிறது. அதற்குள் கொடுக்கவில்லை என்றால் அறிவிப்பே ரத்தாகலாம். அத்துடன் கிடைத்த பாதுகாப்பும் போகும், செலவழித்த பணமும் போகும். "ஐ.பி. முடிந்துவிட்டது" என்று அறிவிப்போடு குடும்பமும் வீட்டுக்குப் போய்விடுகிறது, வக்கீலும் வழக்குக் கட்டை மூடிவிடுகிறார். சில ஆண்டு கழித்து ஜப்தி ஆள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் பாதி வழியில் நின்றுவிட்டது தெரிகிறது. விடுவிப்பு தானாகவும் கிடைக்காது. அடமானமில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுகூடச் சொத்து இல்லையென்றால், அந்த நிலை தன் குற்றத்தால் வரவில்லை என்று கடனாளி நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு விடுவிப்பு மறுக்கப்படும். அதனால்தான் "ஏன் கடனானது?" என்று துருவிக் கேட்கும் வக்கீல் வேண்டும் என்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் வள்ளம் இழந்தவருக்கு மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனுவின் நகல், நிவாரணப் பட்டியல், மருத்துவமனை பில் ஆகியவைதான் விடுவிப்புக்கான சாட்சி. அவற்றை முதல் நாளே கேட்டு வாங்கி வைப்பவர் கடைசி வரை யோசித்திருக்கிறார் என்று பொருள்.

யாரிடம் போவது?

குடும்பத்துக்கு வழக்கமாக நில வழக்கு பார்க்கும் ஊர் வக்கீல் ஒருவர் இருப்பார். அவருக்கு உங்களைத் தெரியும், பணத்துக்கு நெருக்க மாட்டார், கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய மலையாள ஆதாரங்களைப் படிக்கத் தெரிந்தவராகவும் இருப்பார். சொத்துப் பட்டியல் தயாரிக்கும்போது இந்தக் கடைசித் தகுதி மிகவும் உதவும். ஆனால் அவர் ஐ.பி. மனு ஒன்றையேனும் விடுவிப்பு வரை நடத்தியிருக்கிறாரா? இல்லையென்றால், அவரையே வைத்துக்கொண்டு அனுபவமுள்ள இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையானவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நாகர்கோவிலில் பெயர் பெற்ற மூத்த சிவில் வக்கீல் அடுத்த வழி. கட்டணம் கூடும். வாய்தாவுக்கு அவருடைய ஜூனியர்தான் வருவார். நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கு என்றால் இது சரி. வழக்கு குழித்துறையில் என்றால், அங்கே தினமும் நிற்கும் வக்கீல்தான் என் தேர்வு. ஐ.பி. வழக்கில் வாதத் திறமையைவிடப் பட்டியலைச் சரிபார்ப்பது, கடன் கொடுத்த எல்லோருக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, ரிசீவர் அலுவலகத்துக்கு நடப்பது ஆகியவையே அதிகம். அதற்கு அருகில் இருப்பவர் வேண்டும்.

மேற்குப் பகுதியினர் சிலர் திருவனந்தபுரத்து வக்கீலை நாடுகிறார்கள். நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் எந்த மாநில வக்கீலும் வாதாடலாம் என்ற பிரிவு 2011 ஜூனிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டதால் சட்டத் தடை எதுவும் இல்லை. இருந்தாலும் கடன் கொடுத்தவர் கேரளத்தில் இருந்தாலும் மனு நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லை தாண்டி வருபவரின் பயணச் செலவை நீங்கள் சுமக்கத் தேவையில்லை.

மதுரை வக்கீல் வீட்டு அடமானத்துக்காக மட்டும். நாகர்கோவிலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் பலர் தள்ளிப்போட்டு 45 நாளைத் தவறவிடுகிறார்கள். இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். வீடு இருந்தால்தான் மற்ற கடனைப் பற்றி யோசிக்கவே மனம் இருக்கும்.

"உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம், தவணை கட்டுவதை நிறுத்துங்கள், எங்களுக்கு மாதம் இவ்வளவு கட்டுங்கள்" என்று தொலைபேசியில் அழைக்கும் நிறுவனங்களை நான் அறவே ஒதுக்குகிறேன். அவர்கள் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க முடியாது. தவணை நின்றால் வழக்கு உங்கள் பேரில்தான் வரும். ஒரே தொகையில் கடனைத் தீர்க்கும் ஏற்பாட்டை நீங்களே கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்கலாம். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலும் கேட்கலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது, சமரசம் எழுதப்பட்டால் அதுவே தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடும் இல்லை. வங்கியில் இருந்தவனாகச் சொல்கிறேன்: வக்கீலே இல்லாமல் தீர்ந்த கடன்களில் பல, குடும்பம் நேரில் வந்து வருமானக் கணக்கைக் காட்டியதால் தீர்ந்தவை.

பலரும் கடைசியில் நினைப்பதை நான் முதலில் வைப்பேன். அது நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உரிமை உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. வக்கீல் கட்டணத்தோடு நீதிமன்றச் செலவுகளும் இதில் அடங்கும். நுண்கடன் மனைவி பெயரில் இருக்கிறது என்றால் அவர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கணவரின் வழக்கில் ஒட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். இலவச வக்கீல் அக்கறை காட்ட மாட்டார் என்ற பேச்சு உண்டு. காட்டுபவரும் உண்டு, காட்டாதவரும் உண்டு. பணம் வாங்கும் வக்கீல்களிலும் அப்படித்தான். ஆணைக்குழு தந்த வக்கீல் உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காமல் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒரு நீதிபதி. முழு வழக்கையும் அவர்களிடம் ஒப்படைக்க மனமில்லாவிட்டாலும், உங்கள் கடன் பட்டியலைக் காட்டி ஆலோசனை கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையத்தில் வக்கீல்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டு ஆள் பிடிக்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அகில இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே "நாகர்கோவிலின் முதல் பத்து திவால் வக்கீல்கள்" போன்ற பட்டியலை நம்ப வேண்டாம். வழக்கு விவரங்கள் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் இணையத்தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்து, வழக்கு வகையில் ஐ.பி. என்று கொடுத்து ஆண்டைப் போட்டால் வழக்குகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் திறந்தால் வக்கீல் பெயரும், எத்தனை வாய்தா, எப்படி முடிந்தது என்பதும் தெரியும். முடிந்த வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் யார் கடைசி வரை போகிறார், யாருடைய மனுக்கள் ஆஜராகாமல் தள்ளுபடியாகின்றன என்பது ஒரு மாலைக்குள் பிடிபட்டுவிடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையைக் கொடுங்கள்.

நேரில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். "வீட்டை மச்சான் பெயருக்கு எழுதிவிட்டு வாருங்கள், பிறகு ஐ.பி. போடலாம்" என்று சொல்பவரை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக்குள் கைமாறாகப் பணம் வாங்காமல் செய்த சொத்து மாற்றத்தை ரிசீவர் கேட்டு நீதிமன்றம் ரத்து செய்யலாம். மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை. அந்தத் தண்டனை சொத்தை எழுதிக் கொடுத்தவரின் தலையில்தான் விழும்.

பணம் கொடுக்கும் முறை

ஐ.பி. மனுவின் நீதிமன்றக் கட்டணம் சொற்பம். பண வழக்கைப் போலத் தொகைக்குத் தகுந்த சதவீதம் இதில் இல்லை. செலவு ஏறுவது வேறு இடங்களில்: கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்பும் பேட்டா, பத்திரிகை விளம்பரம், நகல் எடுக்கும் செலவு, குமாஸ்தா பணம். கடன் கொடுத்தவர் ஐந்து பேர் என்பதும் முப்பது பேர் என்பதும் ஒரே செலவாகாது. அதனால் பட்டியல் இல்லாமல் வக்கீல் சொல்லும் மொத்தத் தொகையை நம்பாதீர்கள். பட்டியலோடு கேட்டால் வக்கீல் பீஸ் தனி, நடைமுறைச் செலவு தனி என்று பிரித்துச் சொல்லச் சொல்லலாம்.

மொத்தமாகக் கொடுப்பதா, வாய்தாவுக்கு இவ்வளவு என்று கொடுப்பதா, கட்டம் கட்டமாகக் கொடுப்பதா என்றால் நான் கட்டம் என்பேன். மனு தாக்கலுக்கு ஒரு பங்கு, திவால் அறிவிப்புக்கு ஒரு பங்கு, விடுவிப்பு மனு முடிந்த பிறகு கடைசிப் பங்கு. மொத்தமாகக் கொடுத்தால் விடுவிப்பு வரை வக்கீலின் கவனம் நிற்காது. வாய்தா கணக்கில் கொடுத்தால் வழக்கு நீள நீள உங்கள் கை காலியாகும். "கடன் குறைந்தால் அதில் எனக்குப் பத்து சதவீதம்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடை செய்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்காதீர்கள். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, அதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதே குற்றம். அதற்கு முந்தைய வாரங்களில் வாங்கிய கடனும் விடுவிப்பு விசாரணையில் கேள்வியாக வரும். பணம் இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுதான்.

கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதியிட்ட ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இருக்கட்டும். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லிவிட்டதால், தகராறு வந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போக வழியில்லை. தொழில்முறைத் தவறு என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி புகார் கொடுக்கலாம். அங்கே உங்கள் வாய்ச்சொல்லைவிட ரசீதுதான் பேசும். வக்கீலை மாற்ற நேர்ந்தால், பீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் வழக்குக் கட்டை அவர் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அசல் பத்திரங்களை முதலிலேயே கொடுக்காமல் நகலைக் கொடுத்து, அசலை நீதிமன்றம் கேட்கும் நாளில் கையோடு எடுத்துப் போங்கள்.